தொட்டிற் பருவத்துக்கும் ஒரு சங்கீத வகுப்பா?



“பிள்ளையை எத்தனை வயதில் சங்கீதத்துக்கு விடலாம்?” வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இளம் தாய் தந்தையர் கேட்கும் கேள்வி இது. முன்பெல்லாம் இதற்கு விடை சுலபம். பிள்ளை ஏழெட்டு வயதை அடைந்து, எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியதும் ஒரு நல்ல நாளில் ஆசிரியரிடம் கொண்டுபோய் விடுவார்கள். சரளி வரிசையில் தொடங்கி, 1931 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்கு ஆயத்தம் செய்வார்கள். பியானோ பழகும் பிள்ளையாயின் இலண்டன் பரீட்சைகள் இருந்தன. இன்றோ ஆறு மாதக் குழந்தைக்கும், தத்தி நடக்கும் பிள்ளைக்கும், மூன்று நான்கு வயதுப் பாலருக்கும் தனித்தனியே சங்கீத வகுப்புகள் உலகின் பெருநகரங்கள் பலவற்றில் நடைபெறுகின்றன. “மூளை வளரும்”, “கணக்கு வரும்”, “பேச்சு முந்தும்” என்ற வாக்குறுதிகளும் அவற்றுடன் கூடவே வருகின்றன.

வகுப்பென்றால் பணமும் நேரமும் செலவாகும். வேலை முடிந்து களைத்து வரும் தாய், குழந்தையையும் தூக்கிக்கொண்டு காலி வீதி நெரிசலில் மீண்டும் புறப்பட வேண்டும். ஆகவே இவ்வாக்குறுதிகளில் உண்மை எவ்வளவு, மிகைப்பேச்சு எவ்வளவு என்று அறிந்துகொள்வது பயனுள்ளது. இவ்வாரப் பாடத்தில் மூன்று விடயங்களை ஆராய்வோம். குழந்தையின் செவி எப்போது விழிக்கின்றது? ஆராய்ச்சிகள் எதைக் காட்டுகின்றன? வீட்டில் நாம் செய்ய வேண்டியது யாது?

முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகின்றோம். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கென நடத்தப்படும் சங்கீத வகுப்பு, உண்மையில் பெற்றாருக்கான வகுப்பாகும். வகுப்பிலிருந்து தாயும் தந்தையும் பாடிக்கொண்டு வீடு திரும்பினால் கொடுத்த பணத்துக்குப் பலன் உண்டு. இதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

செவி விழிக்கும் காலம்

குழந்தை பிறந்த பின்னரே கேட்கத் தொடங்குகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கருவிலிருக்கும் சிசுவின் செவி ஆறு, ஏழு மாதமளவில் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. வெளி ஓசைகள் மங்கலாகவே எட்டுகின்றன. தாயின் குரலோ அவளது உடலினூடாகவே சென்று சேர்கின்றது. ஆதலால் பிறந்த நாளில் குழந்தைக்கு ஏற்கெனவே அறிமுகமான குரல் ஒன்று இருக்கின்றது.

இதனை 1980 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், டிகாஸ்பரும் பைபரும், எளிய முறையொன்றால் காட்டினர். பிறந்து மூன்று நாள் கூட ஆகாத குழந்தைகளுக்குச் சூப்பியொன்றைக் கொடுத்தனர். ஒரு விதமாகச் சூப்பினால் தாயின் குரல் கேட்கும். வேறு விதமாகச் சூப்பினால் இன்னொரு பெண்ணின் குரல் கேட்கும். குழந்தைகள் தாயின் குரலை வரவழைக்கும் விதத்தில் சூப்பப் பழகிக்கொண்டன. தாளத்தைப் பற்றியும் இத்தகைய ஆய்வுண்டு. 2009 இல் ஹங்கேரி, நெதர்லாந்து நாட்டு அறிஞர்கள், உறங்கும் சிசுக்களுக்கு ஒழுங்கான தாளமொன்றைக் கேட்கச் செய்தனர். தாளத்தின் முதல் அடி விழ வேண்டிய இடத்தில் அது விழாதபோது, சிசுவின் மூளை அதனைக் கவனித்ததைக் கருவிகள் பதிவு செய்தன. பிறந்த குழந்தை தாளத்தை எதிர்பார்த்திருக்கின்றது என்பதே இதன் பொருள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வொன்றும் குறிப்பிடத்தக்கது. 2013 இல் வெளிவந்த அவ்வாய்வில் 11 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 272 குழந்தைகள் இடம்பெற்றனர். பெற்றார் தம் மனத்துக்குப் பிடித்த பாட்டொன்றைத் தெரிவு செய்ய, அது அக்குழந்தைகளின் அருகில் தாலாட்டாக மென்மையாகப் பாடப்பட்டது. இவ்விதம் நேரடியாக எழுப்பப்பட்ட இசை குழந்தைகளின் இருதயத் துடிப்பை அமைதிப்படுத்த உதவியது. பெற்றாரின் பதற்றமும் தணிந்தது. பாட்டு குழந்தையை மட்டுமல்லாது பாடுபவரையும் ஆற்றுகின்றது என்பதைத் தொட்டிலருகே விழித்திருந்த எந்தத் தாயும் அறிவாள்.

நம் முன்னோர் கண்ட படிமுறை

குழந்தைக்குப் பருவத்துக்கேற்ற பாட்டு வேண்டும் என்பது மேல்நாட்டார் மட்டும் கண்ட செய்தி அன்று. தமிழில் பிள்ளைத்தமிழ் என்றோர் இலக்கிய வகை உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பாடியதிலிருந்து இன்றுவரை அது வாழ்கின்றது. 1985 இல் அருள் செல்லத்துரை ‘இயேசுபிரான் பிள்ளைத்தமிழ்’ பாடினார். அவ்வகை நூல்களில் குழந்தையின் வளர்ச்சி பத்துப் பருவங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றது.

அப்பருவங்களைச் சங்கீத ஆசிரியரின் கண்கொண்டு பாருங்கள். செங்கீரைப் பருவத்தில் குழந்தை கையூன்றித் தலை நிமிர்த்தி அசைந்தாடுகின்றது. தாலப் பருவத்தில் தாய் நாவசைத்துத் தாலாட்டுகிறாள். சப்பாணிப் பருவத்தில் குழந்தை கைகொட்டுகின்றது. வருகைப் பருவத்தில் தளர்நடை நடந்து வருகின்றது. அம்புலிப் பருவத்தில் நிலாவை விளையாட அழைக்கின்றனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிறுபறைப் பருவத்தில் பிள்ளை சிறு பறையைத் தானே கொட்டுகின்றான். மாதக் கணக்கில் நூல்களுக்கிடையே சிறு வேறுபாடு உண்டாயினும், ஒழுங்கு ஒன்றே: முதலில் உடலசைவு, பின் தாயின் குரல், அதன்பின் கைத்தாளம், அதன்பின் நடை, கடைசியிலேயே வாத்தியம். இவை பாடத்திட்டமாக எழுதப்பட்டவை அல்ல. புலவர்கள் வீட்டில் கண்டதைப் பாடினார்கள். ஆயினும் இன்றைய பாலர் சங்கீத வகுப்புகளின் ஒழுங்கும் ஏறத்தாழ இதுவே.

எமது தாய்மார் பிள்ளைத்தமிழைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் ஏணையை ஆட்டும்போது ஓராட்டுப் பாடினார்கள். மடியிலிருத்திச் சாய்ந்தாட வைத்தார்கள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகப் பங்கிட்டு, அக்குள்வரை ஊர்ந்து கிச்சுக்கிச்சு மூட்டினார்கள். ஊர்ந்து வரும் விரல் எப்போது கிச்சுமூட்டும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் குழந்தை, பாட்டின் முடிவிடத்தை எதிர்பார்க்கப் பழகுகின்றது. தாளக் கல்வியின் அரிச்சுவடி அதுதான்.

வகுப்புகள் தோன்றிய வரலாறு

மேல்நாட்டில் இதனை முறையான கல்வியாக்கியவர்கள் சிலர். சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரில் சங்கீதம் கற்பித்த எமில் ஜாக் டால்குறோஸ் (1865–1950), தம் மாணவர் இலக்கணம் அறிந்தும் தாள உணர்வின்றி வாசிப்பதைக் கண்டு, தாளத்தை முதலில் கால்களாலும் கைகளாலும் உணரச் செய்தார். ஹங்கேரி நாட்டு இசைமேதை சோல்டான் கொடாய் (1882–1967), பிள்ளைக்கு முதல் வாத்தியம் அதன் குரலே என்றும், முதற் பாட்டுக்கள் தாய்மொழியின் நாட்டுப் பாடல்களாகவே இருக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். சங்கீதக் கல்வி குழந்தை பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பே தொடங்க வேண்டும் என்று சொன்ன அவர், பின்னர் தாய் பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பே என்று அதனைத் திருத்தினாராம்.

யப்பானியரான ஷினிச்சி சுசுக்கி (1898–1998) மிகச் சாதாரணமான உண்மையொன்றைச் சிந்தித்தார். யப்பானியக் குழந்தைகள் எல்லாரும் யப்பானிய மொழியைப் பேசுகிறார்களே! எவரும் அதற்கு வகுப்புக்குப் போகவில்லையே! கேட்டும், திரும்பத் திரும்பச் சொல்லியும், தாய் மெச்சியும் மொழி வருவதைப்போல் சங்கீதமும் வரும் என்று அவர் கண்டார். ஆகவே அவரது முறையில் தாயோ தந்தையோ முதலில் வயலினைக் கையிலெடுத்துப் பழகுவர். பிள்ளை பார்த்துக் கேட்டுத் தானாக ஆசைப்படும். 1987 இல் அமெரிக்காவில் தோன்றிய ‘மியூசிக் ருகெதர்’ என்ற பாலர் வகுப்பு முறையும், பெற்றார் கூட இருந்து பாடுவதை அடிப்படையாகக் கொண்டது.

எமது நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஒரு தொடர்புண்டு. பாலர் கல்வியில் புதுவழி காட்டிய மரியா மொன்ரிசோரி அம்மையார் (1870–1952), போர்க்காலத்தில் இந்தியாவில் தங்கியிருந்தபோது 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவரது முறையில், பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் சிறு மணிகள் உண்டு. சுருதியைக் கேட்டே பிள்ளை அவற்றைச் சோடி சேர்க்க வேண்டும். ‘மௌன விளையாட்டு’ என்றும் ஒன்றுண்டு. பிள்ளைகள் அசையாது அமர்ந்திருப்பர். ஆசிரியை ஒவ்வொருவர் பெயரையும் மெல்லிய குரலில் அழைப்பார். செவியைக் கூர்மையாக்க அமைதியே முதற் பாடம் என்பது அம்மையாரின் கருத்து. எந்நேரமும் தொலைக்காட்சி ஒலிக்கும் வீட்டில், ஒரு பக்கம் புகையிரதமும் மறுபக்கம் பஸ் வண்டிகளும் இரையும் தெருவில் வளரும் எமது பிள்ளைகளுக்கு இது மிகவும் வேண்டிய பாடம்.

மூளை வளருமா?

இனி அந்தப் பெரிய வாக்குறுதிக்கு வருவோம். 1993 இல் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மோசார்ட்டின் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்ட பின் அவர்கள் ஒருவகை வடிவப் புதிரைச் சற்று நன்றாகச் செய்தனர். அந்த நன்மையும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கவில்லை. அவர்கள் குழந்தைகளும் அல்லர். சங்கீதம் பயின்றதும் இல்லை. ஆயினும் செய்தி வாய்க்கு வாய் மாறி, “மோசார்ட் கேட்கும் குழந்தை மேதையாகும்” என்றாயிற்று. 1998 இல் ஜோர்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்கத் திட்டம் கொண்டுவந்தார். பின்னர் வந்த ஆய்வுகள் பல, அத்தகைய விசேட சக்தி எதனையும் உறுதிப்படுத்தவில்லை. குழந்தைகளுக்கான ‘பேபி ஐன்ஸ்டைன்’ ஒளித்தட்டுக்களை விற்ற டிஸ்னி நிறுவனம், 2009 இல் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது.

கேட்பதால் வராவிட்டாலும் வகுப்பால் வராதா? 2013 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், நான்கு வயதுப் பிள்ளைகள் பெற்றாருடன் ஆறு வாரம் சங்கீத வகுப்புக்குச் சென்றனர். மொழி, எண், வடிவம் சார்ந்த திறன்களில் ஏனைய பிள்ளைகளைவிட அவர்கள் முந்தியதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. 2004 இல் கனடாவில் 144 ஆறு வயதுப் பிள்ளைகளை வைத்து 36 வாரம் நடத்திய ஆய்வில், சங்கீதம் பயின்றோரின் நுண்ணறிவுப் புள்ளிகள் மற்றவர்களைவிடச் சிறிதளவே கூடின. அதே ஆய்வில் நாடகம் பயின்ற பிள்ளைகள் பிறரோடு பழகும் பண்பில் முன்னேறினர் என்பதும் கவனிக்கத்தக்கது.

எனவே, புலமைப்பரிசில் பரீட்சையை மனத்திற்கொண்டு குழந்தையைப் பாட்டு வகுப்பில் சேர்க்க எண்ணுவோர் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம்.

அப்படியாயின் பயன் என்ன?

பயன் வேறிடத்தில் இருக்கின்றது. எம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகருக்கு அண்மையில் ஹமில்ரன் என்ற நகர் உண்டு. அங்குள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தார் 2012 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆறு மாதக் குழந்தைகளும் பெற்றாரும் இரு பிரிவாக்கப்பட்டு, ஆறு மாத காலம் வாராவாரம் வகுப்புக்கு வந்தனர். ஒரு பிரிவில் பெற்றார் குழந்தையை மடியில் வைத்துத் தாலாட்டும் அசைவுப் பாட்டுக்களும் பழகிப் பாடினர். வீட்டிலும் அவற்றையே பாடினர். மற்றப் பிரிவில் இசைத்தட்டு பின்னணியில் ஒலிக்க, குழந்தைகள் விளையாட்டுப் பொருட்களோடு விளையாடின. இரு பிரிவுக்கும் இசை கிடைத்தது. ஆனால் பாடிய பெற்றாரின் குழந்தைகளே சுட்டிக் காட்டுதல், கையசைத்து விடைபெறுதல் போன்ற சைகைகளில் முந்தினர். புதியவற்றைக் கண்டு அழுவது குறைந்தது. அவர்களை ஆற்றுவதும் சுலபமாயிற்று.

அதே பல்கலைக்கழகத்தின் 2014 ஆம் ஆண்டு ஆய்வில், பதினான்கு மாதக் குழந்தைகளை ஒருவர் தூக்கிவைத்து இசைக்கேற்ப ஆட்டினார். எதிரே நின்ற பெண்ணும் அதே தாளத்தில் ஆடினார். பின்னர் அப்பெண் கைதவறிப் பொருளொன்றை விழுத்துவதுபோல் காட்டியபோது, அவரோடு தாளம் ஒத்து ஆடிய குழந்தைகளே அதிகமாக எடுத்துக் கொடுத்து உதவின. தாளம் பிசகி ஆடப்பட்ட குழந்தைகள் அவ்வளவு உதவவில்லை. சேர்ந்து பாடி ஆடுவோர் மனத்தாலும் சேருகின்றனர். கோவில் பாடகர் குழுவிலோ, நத்தார்க் காலக் கரோல் குழுவிலோ நின்று பாடிய எவருக்கும் இது புதிய செய்தியன்று. அது பேச்சு வராத வயதிலேயே தொடங்குகின்றது என்பதுதான் புதிது.

மொன்றியல் நகரில் இன்னுமோர் ஆய்வு. ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகள், தாய் அருகிலிருந்தும் பேசாதிருக்க, பதிவு செய்த குரலை மட்டும் கேட்டன. கொஞ்சிப் பேசும் பேச்சைக் கேட்டபோது நான்கு நிமிடமளவில் சிணுங்கத் தொடங்கின. பாட்டைக் கேட்டபோது ஒன்பது நிமிடம்வரை அமைதியாக இருந்தன. அதுவும் அவை முன்பின் கேட்டறியாத துருக்கி மொழிப் பாட்டு!

தமிழுக்கு விசேட பயன்

2016 இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஒரு மாதத்துக்குள் 12 முறை, ஒவ்வொன்றும் 15 நிமிடமாக, தாள விளையாட்டு நடத்தினர். பெற்றார் மும்மை நடைக்கேற்பக் குழந்தையைத் தட்டியும் ஆட்டியும் கொடுத்தனர். பின்னர் சோதித்தபோது, இசையில் மட்டுமின்றிப் பேச்சொலியின் கால அளவு மாறும்போதும் அக்குழந்தைகளின் மூளை கூர்மையாகக் கவனித்தது. அந்நன்மை எத்தனை காலம் நிலைக்கும் என்பதை அவ்வாய்வு காட்டவில்லை. ஆயினும் தமிழர் இதனை ஊன்றி நோக்க வேண்டும்.

ஏனெனில் எமது மொழி கால அளவில் நடக்கும் மொழி. ‘கல்’ என்பதும் ‘கால்’ என்பதும் ஒலி நீளத்தால் வேறுபடுகின்றன. ‘புளி’யும் ‘புள்ளி’யும், ‘வளி’யும் ‘வள்ளி’யும் மெய்யின் அழுத்தத்தால் வேறாகின்றன. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று வகுத்த தொல்காப்பியம், மாத்திரையைக் கண்ணிமைப் பொழுதாலும் கைந்நொடிப் பொழுதாலும் அளந்தது. தாலாட்டில் தாய் நெடிலை நீட்டிக் குறிலைத் தட்டிப் பாடும்போது, இந்த அளவையே குழந்தையின் செவியில் ஏற்றுகிறாள். எழுத்து அறியுமுன் எழுத்தின் அளவு செவிக்குப் பழகிவிடுகின்றது.

கொழும்பில் பிறக்கும் எமது பிள்ளை தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கிடையே வளர்கின்றது. ஆங்கிலப் பாலர் பாட்டுக்களைப் பாலர் பாடசாலையில் படிப்பார்கள். சிங்களப் பாட்டுக்களை அயல் வீட்டுப் பிள்ளைகளிடம் பொறுக்கிக்கொள்வார்கள். இரண்டும் நல்லவையே. தமிழ்ப் பாட்டை அவர்களுக்கு யார் கொடுப்பது? முன்னர் அம்மம்மாவும் அப்பம்மாவும் கொடுத்தனர். இலங்கை வானொலியின் ‘சிறுவர் மலர்’ நிகழ்ச்சியில் வானொலி மாமாவோடு பிள்ளைகளே பாடினர். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பிள்ளைகளுக்கென்றே பாட்டாக்கினார். இன்று முற்றமும் விறாந்தையும் இருந்த வீடுகள் பல தொடர்மாடிகளாகிவிட்டன. அம்மம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறார், அல்லது கனடாவில். ஒரு தலைமுறை பாடாது விட்டால் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கப் பாட்டிருக்காது. பாலர் சங்கீதம் என்ற இப்பொருளில் எமக்குள்ள பெருங்கவலை இதுவே.

வகுப்பைத் தெரிவு செய்யும்போது

வகுப்பில் சேர்க்க விரும்புவோர் முதலில் ஒரு நாள் போய் அமர்ந்து பாருங்கள். பின்வரும் கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

1. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் பெற்றார் கூட இருந்து பாடுகின்றனரா? “பிள்ளையை விட்டுவிட்டுப் போங்கள்” என்றால் அந்த வயதுக்கு அது வேண்டாம்.

2. ஆசிரியர் தம் குரலால் பாடுகிறாரா, ஒலிபெருக்கியை முடுக்கிவிட்டு நிற்கிறாரா?

3. ஒரே பாட்டு வாராவாரம் திரும்ப வருகின்றதா? திரும்பத் திரும்பக் கேட்பதே குழந்தைக்கு இன்பம்; பெரியோருக்குத்தான் அது சலிப்பு.

4. பாடாது, ஆடாது, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் பிள்ளையை வற்புறுத்துகின்றனரா? பார்த்துக்கொண்டிருப்பதும் கற்றலே. வகுப்பில் வாய் திறவாத பிள்ளை வீட்டில் குளிக்கும்போது முழுப் பாட்டையும் பாடும்.

5. தமிழ்ப் பாட்டுக்கு இடம் உண்டா? இல்லையெனில் நீங்கள் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆசிரியர் இசைவாரா?

6. பரீட்சை, மேடை, பரிசு என்ற பேச்சு வருகின்றதா? ஐந்து வயதுக்கு முன் அவை வேண்டா.

அரைமணி முதல் முக்கால் மணி நேரம் இவ்வயதுக்குப் போதும். பத்துக் குடும்பங்கள் பாயை விரித்து வட்டமாக அமரக்கூடிய அறை போதும். இதனைப் பங்கு மண்டபத்திலோ தொடர்மாடியின் பொது அறையிலோ தாய்மார் தாமே கூடி நடத்தலாம். பாட்டுத் தெரிந்த ஒரு முதிய அன்னையை நடுவில் இருத்துங்கள், அவரே ஆசிரியர்.

பருவத்துக்கேற்ற வீட்டுப் பாடம்

பிறந்தது முதல் ஆறு மாதம்வரை: ஒரே தாலாட்டை நாள்தோறும் உறங்கும் வேளையில் பாடுங்கள். முகத்தை அருகில் வைத்துப் பாடுங்கள். குழந்தை ‘ஆ’, ‘ஊ’ என்றால் நிறுத்தி, அதே ஒலியை அதே சுருதியில் திருப்பிச் சொல்லுங்கள். முதல் உரையாடல் அதுவே.

ஆறு மாதம் முதல் ஒரு வயதுவரை: மடியிலிருத்திச் சாய்ந்தாடுதல், கைகொட்டுதல், விரல் விளையாட்டு. பாட்டின் கடைசிச் சொல்லுக்கு முன் சற்றுத் தாமதியுங்கள். குழந்தையின் கண் விரிவதைக் காண்பீர்கள்.

ஒன்று முதல் மூன்று வயதுவரை: நடை, ஓட்டம், குதிப்பு எல்லாவற்றுக்கும் பாட்டு. இரண்டு சிரட்டை, ஒரு தகரப் பேணி, ஒரு மரக்கரண்டி போதும். பயறு போட்ட போத்தலைக் கிலுக்கக் கொடுப்பதாயின் மூடியை இறுக்கி ஒட்டுங்கள்; பயறு மூச்சுக்குழலில் சிக்கினால் உயிராபத்து. கை கழுவ ஒரு பாட்டு, பொருட்களை எடுத்து வைக்க ஒரு பாட்டு என்று பழக்கினால் அதட்டல் குறையும்.

மூன்று முதல் ஐந்து வயதுவரை: உரத்தும் மெதுவாகவும், விரைந்தும் ஆறுதலாகவும் பாடிக் காட்டி வேறுபாட்டைக் கேளுங்கள். நீங்கள் ஒரு வரி, பிள்ளை ஒரு வரி. பாட்டிலுள்ள பெயரை மாற்றிப் பிள்ளையின் பெயரை வைத்துப் பாடவிடுங்கள். மாலைச் செபத்தில் மன்றாட்டு மாலை சொல்லும்போது, மறுமொழியைப் பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். தன் முறை எப்போது வரும் என்று காத்திருந்து, உரிய இடத்தில் சேர்ந்துகொள்வதை அது அங்கே பழகும். முறையான வாத்தியப் பயிற்சியைப் பிள்ளையே ஆசைப்பட்டுக் கேட்கும்போது தொடங்கலாம்.

கவனிக்க வேண்டியவை

குழந்தையின் செவி மென்மையானது. காதணிக் கருவிகளைக் குழந்தைக்குப் பொருத்த வேண்டாம். சத்தமிடும் விளையாட்டுப் பொருளை முதலில் உங்கள் காதருகே வைத்துப் பாருங்கள். உங்களுக்கு உறுத்தினால் அது குழந்தைக்கு ஆகாது. திருவிழாவிலும் திருமண மண்டபத்திலும் ஒலிபெருக்கிக்கு அருகில் குழந்தையுடன் அமர வேண்டாம்.

கைத்தொலைபேசியில் ஓடும் பாலர் பாட்டுக் காட்சிகள் இசைக் கல்வி ஆகா. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. வெளிநாட்டிலுள்ள அம்மம்மா தொலைபேசியில் முகம் காட்டிப் பேரப்பிள்ளைக்குப் பாடுவது வேறு விடயம். அங்கே பாடுபவர் பிள்ளையின் முகம் பார்த்துப் பாடுகிறார், அதனை ஊக்குவியுங்கள்.

மிக முக்கியமான ஒன்று. பெரும் ஓசைக்குக் குழந்தை திடுக்கிடாவிட்டாலும், ஆறு மாதமாகியும் குரல் வரும் திசைக்குத் திரும்பாவிட்டாலும், ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைக்கக் கவனியாவிட்டாலும், “பிறகு சரிவரும்” என்று காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியரிடம் காட்டிச் செவியைச் சோதியுங்கள். செவிக்குறையை முதலாண்டிலேயே கண்டுபிடித்தால் பேச்சை மீட்கும் வழிகள் அதிகம். நாள்தோறும் பாடும் தாய்க்கே இக்குறை முதலில் தெரியவரும்.

“எனக்குப் பாட வராதே!”

இதனைச் சொல்லாத தகப்பன்மார் குறைவு. அன்பரே, உங்கள் குழந்தை சபாவில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இரசிகர் அல்ல. அது சுருதி பிசகுவதைக் கணக்கெடுப்பதில்லை. உங்கள் முகத்தையும் குரலையும் தேடுகின்றது. இரண்டு மூன்று சுரங்களுக்குள் அடங்கும் பாட்டொன்றைத் தெரிவு செய்து, தாழ்ந்த குரலில், ஆறுதலாகப் பாடுங்கள். ஒரு வாரத்தில் குழந்தை அந்தப் பாட்டுக்கு உங்களையே கேட்கும்.

இவ்வாரம் குடும்பமாகச் செய்ய

1. வீட்டின் மூத்தவர் ஒருவரிடம் அவர் கேட்டு வளர்ந்த தாலாட்டு ஒன்றைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கொப்பியில் எழுதி, அவர் பெயரையும் ஊரையும் கீழே குறியுங்கள். முடிந்தால் அவர் குரலையும் பதிவு செய்யுங்கள்.

2. நாளுக்கு ஒரு மணி நேரம் வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி யாவற்றையும் நிறுத்துங்கள். அவ்வேளையில் குழந்தை எந்த ஓசைக்குத் திரும்புகின்றது என்று கவனியுங்கள்.

3. தந்தை ஒரு பாட்டைத் தம்முடையதாக எடுத்துக்கொண்டு, ஏழு நாளும் குழந்தைக்குப் பாடட்டும்.

4. அயலில் குழந்தையுள்ள இரு குடும்பங்களை ஒரு மாலை வீட்டுக்கு அழையுங்கள். பாயை விரியுங்கள். தேநீருக்கு முன் மூன்று பாட்டு.